பன்னிரண்டு டி.சி.

அமிர்தவள்ளியின் வீட்டில் பெண்களைக் கூப்பிடுவதற்குப் பெயர் தேவைப்பட்டதே இல்லை. முடியைப் பிடித்து இழுத்தால் போதும், வந்துவிடுவார்கள். அப்பா அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணன் பஞ்சாட்சரம் அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்து, தங்கச்சியை அப்படிக் கூப்பிட்டான். நல்ல குடும்பம்.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அமிர்தவள்ளி பிளஸ் டூவில் ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நாற்பத்தொரு மார்க் வாங்கினாள். ஆம்பூரை ஒட்டிய அந்தக் காலனியில் அதுவரை யாரும் ஆயிரத்தைத் தொட்டதில்லை. வேலூரில் காலேஜ் நேர்முகத்துக்குப் போக, மஞ்சள் பையில் சர்டிபிகேட்டுகளை வைத்துக்கொண்டு காலை ஆறேகாலுக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அதே நிறுத்தத்துக்குத்தான் ஆறரை மணிக்கு ஷூ கம்பெனி பஸ்ஸும் வரும். அண்ணன் பின்னாலிருந்து வந்தான். பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸின் படிவரை அவளுடைய முழங்கால்கள் ரோட்டிலேயே வந்தன. பஸ்ஸில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். உச்சந்தலையில் எட்டணா அகலத்துக்குத் தோலோடு பிய்ந்துபோன இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை.

கம்பெனியில் அவளைக் கட்டிங் பிரிவில் போட்டார்கள். கட்டிங் மெஷின் என்பது பெரிய விஷயமில்லை. கீழே பலகை, மேலே ஒரு டன் இரும்புத் தலை. பலகைமேல் தோலை விரித்து, தோல்மேல் டை எனப்படும் அச்சை வைத்து, பட்டனை அமுக்கினால் தலை இறங்கி, ஷூவின் மேல்பாகம் வெட்டுப்பட்டு விழும். பட்டன் இரண்டு. இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தலை இறங்கும், ஒரு கைகூட அடியில் இருக்கக் கூடாது என்று யாரோ நல்லவன் அப்படிச் செய்திருக்கிறான். ஆனால் இரண்டு கையையும் பட்டனிலேயே வைத்திருந்தால் மேஸ்திரி கேட்கிற டார்கெட் வராது. அதனால் எல்லாரும் ஒரு தோல் வாரை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினபடியே கட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், இன்னொரு கை தோலை நகர்த்திக்கொண்டே இருக்கும். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், கடவுளுக்கும் தெரிந்திருக்கும். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் சோதனை பார்க்க, அதாவது ஆடிட்டுக்கு, வருகிற நாளில் மட்டும் வார்களை அவிழ்த்து, புதுக் கையுறை கொடுத்து, சிரிக்கச் சொல்லுவார்கள்.

சேர்ந்த இரண்டாவது வருஷம் அவளுடைய வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அந்தத் தலைக்கு அடியில் போயின. எலும்பு நொறுங்கும் சத்தம் தனியாகக் கேட்டது என்று பக்கத்து மெஷின்காரி பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில், அதே கம்பெனியில் வேலை பார்த்த பஞ்சாட்சரம் அவள் காதருகே குனிந்தான்.

"தூக்கத்துல கைய வெச்சிட்டேன்னு சொல்லிடு வள்ளி. பட்டன் மேட்டர் வெளிய வந்தா என் வேலையும் போய்டும்."

சொன்னாள். தூக்கக் கலக்கத்தில் கையை வைத்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள், போலீஸிடம் சொன்னாள், கம்பெனிக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள். அந்தப் பொய்க்காக அவள் தன்னை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறாள். அண்ணனுக்கு மேஸ்திரி பதவி கிடைத்தது. அவளை ஆலங்காயத்துக்காரன் ஒருவன் கட்டிக்கொண்டு, விரல் இல்லாத கையால் பிசைந்த சோறு இறங்கவில்லை என்று ஒரே வருஷத்தில் கிளம்பிப் போனான். போனவன் போகட்டும்.

மேஸ்திரி பஞ்சாட்சரத்தின் பெருமை அவனுடைய பஸ். காலனியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் பெண்களைச் சேர்த்து, ஆறரை மணி பஸ்ஸில் ஒரு இருக்கைகூடக் காலி இல்லாமல் நிரப்பிக் கொண்டுபோய்க் கம்பெனியில் இறக்குவான். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பிளஸ் டூ எழுதிவிட்டு லீவுக்கு இரண்டு மாசம் வேலை பார்க்க வரும் பெண்களுடைய டி.சி.யைப் பள்ளிக்கூடத்தில் தானே கூடப் போய் வாங்கிக் கொடுப்பான். வாங்கின கையோடு கம்பெனி ஆபீஸில் ஒப்படைத்துவிடுவான். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் எந்தக் காலேஜும் சேர்க்காது, வேறு கம்பெனியும் எடுக்காது. அவன் பெண்களை இப்போது முடியைப் பிடித்து இழுப்பதில்லை. காகிதத்தைப் பிடித்து இழுத்தான்.

இத்தனையும் தெரிந்த அமிர்தவள்ளிதான் அண்ணன் மகள் பாரதியிடம், "ரெண்டு மாசம் சும்மா வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற? கம்பெனிக்கு வா, காலேஜுக்கு நாலு சுடிதார் எடுத்துக்கலாம்" என்றாள். சொந்த மகளின் டி.சி.யை ஒருத்தன் பூட்டி வைப்பானா என்று நினைத்துவிட்டாள். தப்புக் கணக்கு. பஞ்சாட்சரம் முதலில் ஒப்படைத்ததே பாரதியின் டி.சி.யைத்தான். மற்றப் பெண்களின் அப்பன்மார் எதிரில் அதைக் காட்டித்தான் மற்றதையெல்லாம் வாங்கினான்.

பாரதி அறுநூறுக்கு ஐநூற்று ஐம்பத்திரண்டு. ஏழாவது படிக்கும்போது தோல் பதனிடும் ஷாப்புப் பக்கம் போனவள், பீப்பாயிலிருந்து தோல்கள் நீல நிறமாக வெளியே வருவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"ஏன் அத்த நீலமா ஆவுது?"

"குரோம் போட்றாங்க."

"போட்டா ஏன் ஆவுது?"

அமிர்தவள்ளி கம்பெனியில் பத்துப் பேரைக் கேட்டுப் பார்த்தாள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாரதி வேதியியலில் நின்றாள். போன ஜூனில் வேலூர் அரசுக் கல்லூரியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. பி.எஸ்சி. வேதியியல், வியாழக்கிழமை மூன்று மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

புதன்கிழமை சாயங்காலம் அமிர்தவள்ளி அண்ணன் வீட்டுக்குப் போனபோது, தெருமுனையிலேயே பெல்ட் அடி கேட்டது. கம்பெனியில் ஏற்றுமதிக்குத் தைத்து, ஓரம் கோணிப்போனதால் தள்ளிவிட்ட பெல்ட். நல்ல தோல், நல்ல பக்கிள். பாரதி மூலையில் முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். பக்கிள் பட்ட இடத்தில் சுடிதார் கிழிந்து முதுகில் ரத்தம் வரிவரியாக நின்றது.

"ஒருத்தி போனா பன்னண்டு பேரும் போவாளுங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே அடித்தான் பஞ்சாட்சரம். "சீசன் நேரத்துல என் பஸ்ஸு காலியா போவணுமா? மேஸ்திரி பொண்ணே ஓடிட்டான்னு ஆபீஸ்ல சிரிக்கணுமா?"

அமிர்தவள்ளி கையில் இருந்த எவர்சில்வர் டிபன் கேரியரை வீசி அவன் முகத்தில் அடித்தாள். புருவம் பிளந்தது. அவன் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, காலால் அவளுடைய அடிவயிற்றில் உதைத்தான். கதவில் போய் மோதி விழுந்தாள். எழுந்து அவன் கையைக் கடித்தாள். அவன் அவளுடைய தலையைச் சுவரில் இடித்தான். ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்துப் பிரிக்கும்போது அவள் வாயில் அவனுடைய ரத்தம் உப்புக் கரித்தது.

வாசலில் வைத்து அண்ணி சம்பூர்ணம் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். கல்யாணமான இருபது வருஷத்தில் சம்பூர்ணம் ஒரு முழு வாக்கியம் பேசி அமிர்தவள்ளி கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல பையோட நிக்கறேன். நீ அவள மட்டும் டி.சி.யோட கொண்டாந்துடு."

வியாழக்கிழமை ஆடிட். வார்களை அவிழ்த்தாகிவிட்டது. பதினெட்டு நிரம்பாத பெண்கள் பையர் கண்ணில் படக் கூடாது என்பதால் பாரதியையும் மற்றப் பதினொரு பேரையும் கொல்லைப்புறம் நிறுத்திய பஸ்ஸுக்குள்ளேயே, திரைச்சீலையை இழுத்துவிட்டு, உட்கார வைத்திருந்தார்கள். அமிர்தவள்ளி ஒன்பதரைக்கு ஆபீஸில் போய் ராஜேஷ் சாரிடம் மரியாதையாகக் கேட்டாள். ஆள் சேர்ப்பையும் காகிதத்தையும் பார்க்கிற ஆபீசர் அவர், வயசில் சின்னவர், சட்டையில் மடிப்புக் கலையாதவர்.

"செப்டம்பர்ல சீசன் முடிஞ்சதும் வாங்கிக்கம்மா."

"இன்னிக்கு மூணு மணி வரைக்கும்தான் சார் டைம்."

"இன்னிக்கு ஆடிட்டும்மா. பேஜார் பண்ணாத, மெஷினுக்குப் போ."

போனாள். பத்தே காலுக்குக் கட்டிங் ஹாலின் நடு மெஷினில் நின்று, இடுப்பிலிருந்து ஒரு தோல் வாரை எடுத்து இடது பக்கப் பட்டனை இழுத்துக் கட்டினாள். பலகையில் வெள்ளை லைனிங் தோலை விரித்தாள். தோலின்மேல் மூன்று விரல் வலது கையை வைத்தாள். இடது கைக் கட்டைவிரலைக் கட்டாத பட்டன்மேல் வைத்தாள். பிறகு ஹாலே திரும்பும்படி கத்தினாள்.

"ராஜேஷ் சார வரச் சொல்லுங்க! பாரதி டி.சி. வந்தா கைய எடுப்பேன். வரலைன்னா அமுக்குவேன். வெள்ளைக்காரன் வந்து பாக்கட்டும்!"

அறுபது மெஷினும் ஒவ்வொன்றாக நின்றன. ராஜேஷ் ஓடி வந்தார். முதலில் அதட்டினார், பிறகு அம்மா என்றார், பிறகு அக்கா என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை அந்தத் தலைக்கு அடியில் கையை விட்டவளுக்கு அது எப்படி வலிக்கும் என்று தெரியாதா? ஆனால் கையை எடுக்கவில்லை.

ராஜேஷ் பஞ்சாட்சரத்துக்குச் சைகை காட்டினார். புருவத்தில் பிளாஸ்திரியோடு அவன் பின்னாலிருந்து வந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பு.

அவள் பின்னால் சாயும்போது கட்டைவிரல் பட்டனை அமுக்கிவிட்டது. தலை இறங்கியது. இழுத்த இழுப்பில் கை முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது, நடுவிரலின் முதல் கணு மட்டும் வரவில்லை. வெள்ளைத் தோலில் ரத்தம் பீய்ச்சி அடித்து, ராஜேஷ் சாரின் சட்டைவரை தெறித்தது. பக்கத்து மெஷினில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பஞ்சாட்சரம் பின்னலை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனான். கேட்டில் ஆடிட்காரர்களின் கார் ஹாரன் அடித்தது.

அவள் தரையில் உட்காரவில்லை. அதே கையைத் திரும்பவும் பலகைமேல் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு விரல் இருக்கு சார்."

ராஜேஷ் ஆபீஸுக்கு ஓடினார். பாரதியுடையதைத் தேடிப் பிரிக்க அவருக்குக் கை ஓடவில்லை, பைலை அப்படியே கொண்டுவந்து நீட்டினார். அவள் பைலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பன்னிரண்டு டி.சி.யும் அதற்குள் இருந்தன.

"பாரதியோடது மட்டும் எடுத்துக்கம்மா…"

"எல்லாம் பசங்களோடதுதான சார்?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு பெண் முன்கதவு வழியாகப் போவதைவிடக் கொல்லை வழியாகப் போவது நல்லது என்று வாட்ச்மேனே பின் கேட்டைத் திறந்துவிட்டான்.

கொல்லைப்புற பஸ்ஸில் ஏறிப் பைலை ஒரு பெண்ணின் மடியில் போட்டாள். "அவங்கவங்களோடத எடுத்துக்கினு வூட்டுக்கு ஓடுங்கடி" என்றாள். பாரதியையும் அவளுடைய டி.சி.யையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பாரதி தன் துப்பட்டாவைக் கிழித்து அத்தையின் விரலைச் சுற்றினாள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் துணி முழுக்க நனைந்து, சொட்டு விழ ஆரம்பித்தது.

சம்பூர்ணம் சொன்னபடி பையோடு நின்றாள். வேலூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் ஏறிவிட்டாள், பாரதியின் ஒரு கால் படியில் இருந்தது. அப்போதுதான் பைக்கைக் கீழே போட்டுவிட்டுப் பஞ்சாட்சரம் ஓடி வந்தான். பாரதிக்குச் சம்பூர்ணம் காலையில் பின்னிவிட்ட பின்னல், இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், அதில் கனகாம்பரம். அதைப் பிடித்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

பாரதி அலறினாள். படியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர், "விடுய்யா, பொண்ண விடுய்யா!" என்று கத்தினார். பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் இருந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள். அமிர்தவள்ளிக்கு அந்த ஐம்பது முகமும் பழைய நாற்பது முகமாகத் தெரிந்தன.

தோல் ஓரம் வெட்டுகிற கத்தி அவள் இடுப்பிலேயே இருந்தது. இடது கையால் உருவினாள். பஞ்சாட்சரம் கத்தியைப் பார்த்துத் தன்னைக் குத்த வருகிறாள் என்று நினைத்து முகத்தை மறைத்தான். அவள் அவன் பக்கமே போகவில்லை. பாரதியின் கழுத்தருகில் பின்னலின் அடியில் கத்தியைக் கொடுத்து, தோல் அறுப்பதுபோல் அறுத்தாள். மூன்று இழுப்பு. இரண்டாவது இழுப்பில் பிடரியில் கொஞ்சம் தோலும் கிழிந்தது.

பாரதி பஸ்ஸுக்குள் குப்புற விழுந்தாள். சம்பூர்ணம் அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். விசில் அடித்தது. இழுத்த வேகத்தில் பஞ்சாட்சரம் பின்பக்கமாக ரோட்டில் போய் உட்கார்ந்தான், கையில் கனகாம்பரத்தோடு பின்னல்.

பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்து, அமிர்தவள்ளியின் கன்னத்தில் அறைந்தான். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது தரம் கை ஓங்கியபோது கத்தியை அவன் தொண்டைக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க?" என்றான். "பொண்ணு முடிய அறுத்துட்டியேடி!"

"அன்னிக்கு எனக்கு அறுத்து வுட ஒருத்தியும் இல்லண்ணா" என்றாள் அமிர்தவள்ளி.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் அந்த வருஷம் காலேஜில் சேர்ந்தார்கள். ஐந்து பேரை வீட்டில் அடித்தே திரும்பவும் பஸ்ஸில் ஏற்றினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அமிர்தவள்ளிக்கு வேலை போயிற்று. இப்போது மேல்விஷாரத்தில் ஒரு சின்ன ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவள் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தாள். விரலுக்குத் தையல் போட்டாகிவிட்டது. விபத்து என்பதால் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். வாசலில் பஞ்சாட்சரம் நின்றான். கம்பெனியிலிருந்து அவனை அனுப்பிவிட்டிருந்தார்கள், பேசிச் சரிக்கட்டச் சொல்லி. பேன்ட் பாக்கெட்டிலிருந்து பின்னலின் நுனி வெளியே தெரிந்தது. போலீஸ்காரர் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் வந்து, அவள் காதருகே குனிந்தான்.

"தூக்கத்துல வெச்சிட்டேன்னு சொல்லிடு வள்ளி."

அதே வார்த்தை. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அமிர்தவள்ளிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் உதட்டுக் காயம் வலித்தது. அப்போது மடியில் போன் அடித்தது. பாரதி.

"அத்த, சேத்துக்கினாங்க" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "முடி இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. எங்க அத்த அறுத்தாங்கன்னு சொன்னேன்."

பஞ்சாட்சரத்துக்கும் கேட்டது. அவன் சுவரோரம் போய்க் குந்திக்கொண்டான்.

"எப்டிம்மா ஆச்சு?" என்று போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார்.

"மெஷின்ல ரெண்டு பட்டன் சார். இன்னிக்கு அதுல ஒண்ணக் கட்டினது நான். நான் சேர்ந்ததுலேர்ந்து தினம் கட்ட வெச்சிக்கினு இருக்கறது அவங்க. ரெண்டையும் எழுதிக்கோங்க." வலது கையைத் தூக்கிக் காட்டி, "பழைய ரெண்டு விரலுக்கும் அன்னிக்குப் பொய் சொன்னேன் சார். அதையும் எழுதிக்கோங்க" என்றாள்.

அவர் எழுதி முடித்து, நோட்டைத் திருப்பிக் காட்டி, கட்டுப் போட்ட அவளுடைய கையைப் பார்த்துவிட்டு, மைப்பெட்டியை எடுத்தார்.

"ரேகை வெச்சிடும்மா."

"பேனாவக் குடுங்க சார்" என்று அமிர்தவள்ளி இடது கையை நீட்டினாள்.